தண்ணீர்ச் சறுக்கில் ஏறுமுன்

தோட்டத்துச் சுற்றுலா என்றால் முன்பெல்லாம் கதிர்காமம், முன்னேஸ்வரம், போகிற வழியில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. இப்போது பிள்ளைகள் தண்ணீர்ப் பூங்காதான் வேண்டும் என்கிறார்கள். இரத்தினபுரி, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு அவிசாவளை தாண்டினால் ஹங்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்ட் பூங்கா இருக்கிறது. நமது கேகாலை மாவட்டத்துக்குள்ளேயே கித்துல்கலையில் களனி ஆற்றில் இறப்பர்ப் படகு விடுகிறார்கள்.

போய் மகிழ்ந்து வாருங்கள். ஆனால் ஒரு விடயத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். 1977, 1981, 1983 வன்செயல்களில் இந்தத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அவர்களில் சிலர் 2009க்குப் பின் உறவினரைத் தேடித் திரும்பி வந்து நமது லயங்களில் இருக்கிறார்கள். நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்தவர்கள் உண்டு. 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் தண்ணீர் வெறும் விளையாட்டல்ல.

சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊர்ப் பூங்காவுக்கு நாங்கள் போனபோது, வன்னியிலிருந்து வந்த அக்கா ஒருவரும் கூட வந்தார். அலைக் குளத்தில் அலை விடுமுன் சைரன் ஊதினார்கள். அக்கா அப்படியே குந்திவிட்டார். கை இரண்டும் காதில். இளம் பிள்ளைகள் சிரித்தார்கள். சைரன் ஊதும் என்று அவருக்கு முன்னமே சொல்லாதது எங்கள் பிழை.

ஆகவே என்னென்ன வரும் என்று சொல்லிவிடுகிறேன். அலைக் குளத்தின் ஆழமான முனையில் இயந்திரம் தண்ணீரைத் தள்ளும். மணியோ சைரனோ அடித்தபின் சில நிமிடம் அலை வரும், பிறகு நிற்கும். கடற்கரை போல் சரிந்த ஓரத்தில் கணுக்கால் அளவில் நின்றாலே அலை வந்து தொடும். ஆழத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சறுக்குகளில் திறந்தவை உண்டு, மூடிய குழாய்களும் உண்டு. குழாய்க்குள் இருட்டாக இருக்கும், கூச்சல் எதிரொலிக்கும். பங்கருக்குள் நாட்கணக்கில் இருந்தவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். திறந்த சறுக்கிலேயே போகலாம். வரிசையில் நின்று படியேறிய பிறகும் "நான் இறங்குகிறேன்" என்று சொல்லித் திரும்பி வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட வந்தவர்கள் "சும்மா போங்க அக்கா" என்று தள்ளாதீர்கள். விளையாட்டாகக்கூடத் தள்ளாதீர்கள்.

நெஞ்சு படபடத்தால் தண்ணீரை விட்டு வெளியே வந்து, இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக ஊன்றி, மூச்சை மெதுவாக நீட்டி விடுங்கள். எதிரே தெரிவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: மரம், நீலக்குடை, என் மகள். மனம் இந்த இடத்துக்குத் திரும்பி வரும்.

சறுக்கில் கால் முன்னே, முதுகு படிய, கைகளை நெஞ்சில் மடித்து, கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு போக வேண்டும். நடுவழியில் கையை ஊன்றி நிற்கப் பார்ப்பதில்தான் முழங்கை உரசும். கீழே விழுந்ததும் உடனே ஓரமாக விலகிவிடுங்கள், பின்னால் ஆள் வருவார்.

சேலையோடு சறுக்கில் விடமாட்டார்கள். பருத்தித் துணி தண்ணீர் குடித்துப் பாரமாகும். கொக்கி, சிப், ஊசி சறுக்கையும் கீறும், நம்மையும் கீறும். முழங்காலை மூடும் நைலோன் காற்சட்டையும் ரீசேட்டும் வசதி. என்ன உடுப்பு அனுமதி என்று முதலே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். உடுப்பு மாற்றும் அறைக்கு ஒரு பெரிய துவாய் எடுத்துப் போனால் கூச்சம் குறையும். சங்கிலி, தோடு வீட்டிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சறுக்கைத் தவிர்த்துச் சிறுவர் குளத்தில் இறங்கலாம். இது அவரவர் விருப்பம், இதில் மாமியாரின் தீர்ப்பு வேண்டாம். மாதவிடாய் நாளில் துணியும் பாட்டும் நனைந்துவிடும். அன்று காலை மட்டும் நனைத்தால் போதும்.

கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு, முதுகு வருத்தம் உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் சறுக்கில் ஏறக் கூடாது. உடம்புக்குள் செல் துண்டு இருக்கிறவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுப் போங்கள். ஆறிய தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஜெய்ப்பூர் கால் வயல் சேற்றில் நடப்பதற்கே செய்யப்பட்டது, தண்ணீரைத் தாங்கும். ஆனால் சறுக்கில் அதோடு போவது ஆபத்து. பணியாளரிடம் சொல்லிக் கழற்றிவிட்டு ஆழமற்ற குளத்தில் இறங்கலாம். பிறகு தண்டுப் பகுதியை ஈரமில்லாமல் துடைத்த பின்பே மாட்டுங்கள்.

கித்துல்கலைக் கதை வேறு. அது ஆறு. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தை, 1957இல் வந்தது, அங்கேதான் எடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். மேலே மழை பெய்தாலும், நீர்மின் நிலையங்களின் தண்ணீர் திறந்தாலும் ஆறு சடுதியில் ஏறும். உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். படகு கவிழ்ந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லில் கால் சிக்கும். மல்லாந்து, கால் முன்னே, மிதந்தே வர வேண்டும். கொழுந்து பறித்து, பால் வெட்டி, அட்டை கடித்த புண்ணுள்ள காலோடு ஆற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நமது இரு மாவட்டங்களிலும் அதிகம். ஆற்றில் இறங்கி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த அக்கா அடுத்த சுற்றுலாவுக்கும் வந்தார். சைரன் எத்தனை மணிக்கு ஊதும் என்று இம்முறை வாசலிலேயே கேட்டு வைத்திருந்தோம். அலைக் குளத்துப் பக்கம் அவர் வரவில்லை. சிறுவர் குளத்தின் ஓரத்தில் பேத்தியோடு கால் நனைய உட்கார்ந்திருந்தார். எங்கள் பைகள் எல்லாம் அவர் பக்கத்தில்தான் இருந்தன.