உங்களுக்குத் தெரியுமா? மேற்கே போன ஐந்து நண்பர்கள்

கல்யாணமான ஐந்து நண்பர்கள் சென்னையிலிருந்து மேற்கே பெங்களூருக்குக் கிளம்பி வம்பில் மாட்டிக்கொள்ளும் கதைதான் 2002-இல் வந்த ‘பஞ்சதந்திரம்’.  படத்தில் கமல் தமிழர், ஜெயராம் மலையாளி, ரமேஷ் அரவிந்த் கன்னடர், யூகி சேது ஐயர். ஸ்ரீமன் ஏற்றது அனுமந்த ரெட்டி என்ற தெலுங்கர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நம் சந்திரகிரிப் பக்கத்துக்கு அந்த ரெட்டி எப்போதுமே ஒரு படி நெருக்கம்! மனைவியைப் பிரிந்து வாடும் நண்பனைத் தேற்றத்தான் பயணம். ஹோட்டல் அறையில் பிணமும் வைரமும் வந்து சேர, திரும்பி வருவதே பெரும்பாடு. இயக்கம் கே.எஸ்.ரவிக்குமார். கிரேஸி மோகனின் வசனம் அத்தனை வேகம்; ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஹாலிவுட்டில் 1991-லேயே வேறு சில நண்பர்கள் மாடு ஓட்ட மேற்கே போனார்கள்: ‘சிட்டி ஸ்லிக்கர்ஸ்’. அதில் நடித்த ஜாக் பாலன்ஸுக்கு 73 வயதில் ஆஸ்கர் கிடைத்தது.