தோப்பில் கட்டிய கேமரா, ஐப்பசி அடைமழையைத் தாங்குமா?

'ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கிறேன். இரவில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்குகின்றன. தோப்பில் கேமரா வைக்க நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தாங்குமா, போட்ட பணம் வீணாகுமா?' என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூர், செண்பகத்தோப்புப் பக்கத்து விவசாயிகளுக்கும் இதே கவலை உண்டு.

சுருக்கமான பதில், தாங்கும். ஆனால், எல்லா கேமராவும் தாங்காது.

நமக்கு மேலே இருக்கும் மலை, 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. இதுபோன்ற காடுகளில் புலிகளைக் கணக்கெடுக்கத் தானியங்கி கேமராக்களைத்தான் மரத்தில் கட்டுகிறார்கள். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் வைத்தார்கள். கூரை கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. விலங்கின் உடல் சூட்டை உணர்ந்து தானே படமெடுக்கும். அந்தப் பெட்டியைக் காப்பாற்றுவது, மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷர்தான்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

கேமரா அட்டைப்பெட்டியில் 'ஐ.பி.' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது எண் 4 என்றால், தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால், குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 6 என்றால், நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும்.

10 செ.மீ. மழை பெய்தால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் 100 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதுவும் காற்றோடு சாய்வாக அடிக்கும். அதனால், வெட்டவெளியில் வைக்க 65 அல்லது 66 எண் உள்ளதே நல்லது. வீட்டுக்குள் மாட்டும் கேமராவை மலிவு என்று தோப்பில் கட்டினால், முதல் மழையோடு சரி.

தண்ணீர் நுழையும் வழி

பெரும்பாலும் கேமரா கெடுவது, பெய்யும் மழையால் அல்ல, நம் கவனக்குறைவால்தான். கார்டை மாற்றும்போது வாஷரில் ஒட்டிய மண், சரியாக அழுத்தாத மூடி, வயர் நுழையும் துளை, இந்த மூன்றையும் கவனியுங்கள். வயரைக் கீழ்நோக்கி வளைத்து, அப்புறம் மேலே ஏற்றுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பவர் அடாப்டரும் பிளக் பாயின்டும் மழைக்கு வெளியே, மோட்டார் ரூமுக்குள் இருக்கட்டும். கேமராவுக்கு மேல் சிறு தகரத்தைச் சாய்வாக அடித்தால், கண்ணாடியில் துளி படியாது.

பகல் வெயிலில் சூடாகி, இரவில் குளிரும்போது பெட்டிக்குள் இருக்கும் ஈரக்காற்று கண்ணாடியில் பனிபோலப் படியும். உள்ளே சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் இது குறையும். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். எறும்பு கூடு கட்டியிருந்தால் தட்டிவிடுங்கள்.

செல்போனும் கேமராதான்

பயிர்க்காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் படமெடுக்கப் போன் வேலை செய்யாமல் போனால், நஷ்டம் இரட்டிப்பு. 67, 68 எண் போட்ட போன்களையும் சுத்தமான தண்ணீரில்தான் சோதிக்கிறார்கள். சேற்றுத் தண்ணீருக்கும், விழுந்து விரிசல் கண்ட போனுக்கும் அது பொருந்தாது. நனைந்து கெட்டால் பெரும்பாலும் வாரன்டியும் கிடைக்காது. மழையில் போகும்போது போனைப் பாலித்தீன் பையில் போட்டு, குடைக்கடியில் எடுத்துப் படம் பிடியுங்கள்.

நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். கேமராவானாலும் போனானாலும் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியும் கார்டும் கழற்ற முடிந்தால் கழற்றி, துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். அடுப்போரத்திலோ, உச்சி வெயிலிலோ வைக்கக் கூடாது. அரிசிப் பானைக்குள் போட்டால், மாவுத்தூள் துளைகளை அடைக்கும்.

கடைசியாக ஒன்று. கேமராவை உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும் வையுங்கள், காட்டுக்குள் வேண்டாம். யானை வந்தது படத்தில் தெரிந்தால், டார்ச் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். இருட்டில் போய்ப் பார்க்கும் வேலை மிச்சமாவதுதான், அந்தக் கேமராவால் கிடைக்கும் பெரிய லாபம்.