'லொகேஷன் ஹிஸ்டரி'யை ஆஃப் செய்தும் போன இடமெல்லாம் பதிவானது ஏன்? உதவிப் பக்கத்தை கூகுள் திருத்திய பின்னணி

போனில் ஒரு பட்டனை ஆஃப் செய்கிறோம். 'இனி நீங்கள் போகும் இடங்கள் சேமிக்கப்படாது' என்று உதவிப் பக்கமும் சொல்கிறது. ஆனாலும் இடம் பதிவாகிக்கொண்டே இருந்தால்? கூகுளில் அதுதான் நடந்தது.

எப்படித் தெரிய வந்தது?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் தன் ஆண்ட்ராய்டு போனில் லொகேஷன் ஹிஸ்டரியை ஆஃப் செய்திருந்தார். அப்படியும், ஒரு கடைக்குப் போய்வந்த பிறகு 'அந்தக் கடை எப்படி இருந்தது, ரேட்டிங் கொடுங்க' என்று போன் கேட்டது. இடத்தைச் சேமிக்கவில்லை என்றால், கடைக்குப் போனது போனுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விசாரித்து, 2018 ஆகஸ்ட் 13-ல் செய்தி வெளியிட்டது. லொகேஷன் ஹிஸ்டரி ஆஃபில் இருந்தாலும், கூகுள் மேப்ஸைத் திறந்தாலே அந்த இடம் பதிவானது. தானாக அப்டேட் ஆகும் வானிலைத் தகவலும் அதையே செய்தது. இன்னொரு உதாரணம் சிரிப்பை வரவழைக்கும். 'சாக்லேட் சிப் குக்கீஸ்' என்று சும்மா தேடினாலும், தேடியவர் இருந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கில் ஏறியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதைச் சோதித்து உறுதி செய்தார்கள்.

சிக்கல் எங்கே?

இடத்தைச் சேமித்தது லொகேஷன் ஹிஸ்டரி இல்லை. 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற வேறொரு செட்டிங். கணக்கு தொடங்கும்போதே அது ஆன் ஆகியிருக்கும். பெயரில் 'லொகேஷன்' என்ற வார்த்தையே கிடையாது. இடத்தை மறைக்க நினைப்பவர் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சாஃப்ட்வேர் துறையில் இது பழகிப்போன தலைவலிதான். புரோகிராம் ஒன்று செய்யும், அதற்கான விளக்கக் குறிப்பு வேறொன்று சொல்லும். சரிசெய்ய இரண்டு வழி உண்டு: குறிப்பில் சொன்னபடி புரோகிராமை மாற்றலாம், அல்லது புரோகிராம் செய்வதற்கு ஏற்ப குறிப்பை மாற்றலாம். இரண்டாவதுதான் செலவு குறைவு. சில வரிகளைத் திருத்தினால் போதும்.

கூகுள் முதலில் செய்தது அதைத்தான். செய்தி வந்த சில நாட்களிலேயே, 'இடங்கள் சேமிக்கப்படாது' என்ற வரி உதவிப் பக்கத்திலிருந்து காணாமல்போனது. இந்த செட்டிங் போனின் மற்ற லொகேஷன் சேவைகளைப் பாதிக்காது, சர்ச், மேப்ஸ் போன்றவற்றில் சில இடத் தகவல்கள் சேமிக்கப்படலாம் என்ற விளக்கம் அங்கே வந்தது. உதவிப் பக்கம் உண்மையைச் சொல்லத் தொடங்கியது. ஆனால் இடம் பதிவாவது நிற்கவில்லை. பழைய வரியை நம்பி பட்டனை ஆஃப் செய்தவருக்கு, திருத்திய பக்கத்தைத் திரும்ப வந்து படிக்கணும் என்று தோன்றியிருக்குமா?

விலை என்ன?

நீதிமன்றங்கள் இதை வெறும் எழுத்துப் பிழையாகப் பார்க்கவில்லை. கூகுள் பயனர்களைத் தவறாக வழிநடத்தியது என்று ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. 2022-ல் 6 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் 40 மாகாணங்களுடன் 39.15 கோடி டாலருக்கு கூகுள் சமரசம் செய்துகொண்டது.

புரோகிராம் பக்கமும் பிறகு மாறியது. லொகேஷன் ஹிஸ்டரி இப்போது 'டைம்லைன்'. அந்தப் பதிவுகளை கூகுள் சர்வருக்குப் பதிலாகப் பயனரின் போனிலேயே வைக்கப்போவதாக 2023 டிசம்பரில் கூகுள் அறிவித்தது.

குரோமின் 'இன்காக்னிட்டோ' விவகாரமும் இதே ரகம்தான். 2020-ல் தொடரப்பட்ட வழக்கு 2024 ஏப்ரலில் சமரசத்துக்கு வந்தபோது, கோடிக்கணக்கான பிரவுசிங் பதிவுகளை அழிக்கவும், இன்காக்னிட்டோ விளக்கத்தைத் திருத்தவும் கூகுள் சம்மதித்தது. அங்கேயும் முதலில் மாறியது வாசகம்தான். இன்காக்னிட்டோவில் இருந்தாலும் இணையதளங்களும், கூகுள் உள்ளிட்ட சேவைகளும் தகவல் சேகரிக்கும் விதம் மாறாது என்ற வரி, திறந்ததும் வரும் பக்கத்தில் சேர்ந்தது.

உங்க போனில் எப்படிப் பார்ப்பது?

செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதைத் தொட்டு, உங்கள் கணக்கைத் திறந்து, 'டேட்டா அண்ட் பிரைவசி' பகுதிக்குப் போங்கள். அங்கே 'டைம்லைன்', 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' இரண்டுமே தனித்தனியாக இருக்கும். ஒன்றை ஆஃப் செய்தால் மற்றது தானாக ஆஃப் ஆகாது. ஆஃப் செய்வது இனிமேல் சேமிப்பதை மட்டும்தான் நிறுத்தும். ஏற்கெனவே சேர்ந்த பதிவுகளைத் தனியாக டெலீட் செய்ய வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழியும்படி செட் செய்யும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது.