ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் விசாவைப் படியுங்கள்



நமது குழுக் கூட்டங்களில் இப்போது ஒரு கடன் கேட்பு அடிக்கடி வருகிறது. "வெளிநாடு போறேன் அக்கா, ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் கட்டணும்." நாமும் தீர்மான நோட்டில் 'குடும்பச் செலவு' என்று எழுதி உள்கடன் கொடுத்து விடுகிறோம். போனவர் மாதா மாதம் பணம் அனுப்பினால் நல்லது. அனுப்ப முடியாமல் போனால் தவணை நிற்கிறது, வங்கிக் கடனும் சேர்ந்து நிற்கிறது, மீதி உறுப்பினர்கள் கைக்காசைப் போட்டு அடைக்கிறார்கள். இது பணக் கணக்கு. அந்த அக்கா எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறார் என்றே தெரியாமல் அவர் பிள்ளைகள் நம் ஊக்குநர் வீட்டு வாசலில் வந்து நிற்பதுதான் பெரிய கஷ்டம்.

போகவே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் பகுதியில் அரபு நாட்டுச் சம்பாத்தியத்தில் வீடு கட்டியவர்கள், பெண்ணைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காகிதத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

ஈ.சி.ஆர். என்றால் என்ன?

பத்தாம் வகுப்பு பாஸ் செய்யாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். என்று இருக்கும். வேலைக்காக நாட்டை விட்டுப் போவதற்கு முன் அரசு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். எல்லா நாட்டுக்கும் இது கிடையாது. சவூதி, குவைத், துபாய் உள்ள எமிரேட்ஸ், ஓமன், கத்தார், பஹ்ரைன், ஜோர்டான், லெபனான், மலேசியா என 18 நாடுகளுக்கு மட்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் இந்தச் சரிபார்ப்பு இல்லை.

சரிபார்ப்பவர் பெயர் 'புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்'. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசு அதிகாரி. சென்னையில் அவருடைய அலுவலகம் இருக்கிறது. வேலை கொடுப்பவர் யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் இருக்கிறதா என்பதெல்லாம் இப்போது 'இ-மைக்ரேட்' என்ற கம்ப்யூட்டர் பதிவில் ஏறுகிறது. அங்குள்ள இந்தியத் தூதரகமும் அதைப் பார்க்க முடியும்.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களுக்கு மேலும் இரண்டு கட்டுப்பாடு உண்டு. வயது 30 நிரம்பி இருக்க வேண்டும். தனியார் ஏஜென்சி மூலம் போக முடியாது, அரசு நிறுவனம் மூலம்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் அது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் உள்ளது. ஆக, பத்தாவது படிக்காத ஒரு சகோதரியிடம் தெருவில் ஒருவர் வந்து, "நானே உன்னை குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பறேன்" என்று சொன்னாலே அது சட்டப்படி நடக்காத காரியம். அவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் சரி, நம் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.

அப்புறம் எப்படி இத்தனை பேர் போகிறார்கள்? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

விசிட் விசா

சுற்றிப் பார்க்கப் போகிறவரை யாரும் எமிகிரேஷன் கிளியரன்ஸ் கேட்பதில்லை. அதனால் ஏஜெண்ட் வேலை விசா எடுப்பதில்லை, துபாய்க்கோ ஓமனுக்கோ விசிட் விசா எடுக்கிறார். ஏர்போர்ட்டில் கேட்டால் "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுக்கிறார். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்கிறார்கள். அங்கிருந்து எந்த வீட்டுக்கு, சில சமயம் எந்த நாட்டுக்கு என்பது அங்கே உள்ள ஆள் பிடிக்கும் ஆபீஸ் முடிவு செய்வது.

அரசுப் பதிவில் இந்தப் பெண் ஒரு சுற்றுலாப் பயணி. வேலைக்காரி என்று எங்கேயும் எழுத்து இல்லை. ஒப்பந்தம் இல்லை, முதலாளி பெயர் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போனவருக்கு இது கிடையாது. விசா நாள் முடிந்து எமிரேட்ஸில் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். ஆறு மாதத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்த அரசு பொது மன்னிப்பு கொடுத்தபோதுதான் இப்படி மாட்டிக்கொண்ட பலர் அபராதம் இல்லாமல் வெளியே வந்தார்கள். அப்படி ஒரு வாய்ப்பு எப்போதும் வராது.

வேலை விசா என்றாலும் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். குவைத்தில் 18ஆம் நம்பர் விசா கம்பெனி வேலைக்கு, 20ஆம் நம்பர் வீட்டு வேலைக்கு. "சூப்பர் மார்க்கெட்டில் பேக்கிங் வேலை" என்று சொல்லி 20ஆம் நம்பர் விசாவைக் கையில் கொடுத்தால் அது பேக்கிங் வேலை அல்ல. அரபியில் இருந்தால், அரபி தெரிந்த ஹஜ்ரத் யாரிடமாவது காட்டுங்கள், அல்லது அங்கே இருந்து திரும்பி வந்தவரிடம் காட்டுங்கள். பணம் கட்டிய பிறகு இல்லை, கட்டுவதற்கு முன்.

பணம் பற்றி ஒரு விஷயம். வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் அரபி வீட்டுக்காரர், அங்குள்ள ஆபீசுக்குப் பெரிய தொகை கட்டித்தான் ஆள் எடுக்கிறார். அதில் நம் ஊர் ஏஜெண்டுக்கும் பங்கு வரும். அதற்கு மேல் உங்களிடமும் வாங்கினால் அவருக்கு இரண்டு பக்கமும் வருமானம். பிறகு நீங்கள் "ஊருக்குப் போகணும்" என்று அழுதால், "நான் கட்டின பணத்தைக் கொடுத்துட்டுப் போ" என்று வீட்டுக்காரர் சொல்வது இதனால்தான். ஆண்களை அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்சிகூட 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 35,400க்கு மேல் வாங்கக்கூடாது, ரசீது கொடுக்க வேண்டும். அந்தப் பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இ-மைக்ரேட்டில் இருக்கிறது. இ-சேவை மையத்தில் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்காரரோ மகனோ போவதாக இருந்தால் இதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாதிக்கப்பட்டவரே குற்றவாளி

அரபு நாடுகளில் 'கஃபாலா' என்ற முறை உண்டு. தங்கும் அனுமதி வேலை கொடுப்பவர் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். சம்பளம் தரவில்லை, அடிக்கிறார்கள் என்று வீட்டை விட்டு வெளியே வந்தால், "வேலைக்காரி ஓடிவிட்டாள்" என்று அவர் போலீசில் பதிவு செய்துவிடலாம். சவூதியில் இதை 'ஹுரூப்' என்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து பிடிபட வேண்டியவர் நம் அக்கா, அடித்தவர் அல்ல. சட்டங்கள் மெல்ல மாறி வருகின்றன. குவைத் 2015இல், கத்தார் 2017இல் வீட்டு வேலையாட்களுக்கென்று தனிச் சட்டம் போட்டன. வாரம் ஒரு நாள் லீவு, வேலை நேரத்துக்கு வரம்பு என்று அதில் இருக்கிறது. சவூதி 2021இல் செய்த மாற்றத்தில் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்கவில்லை. சட்டம் இருந்தும் கதவு பூட்டிய வீட்டுக்குள் யார் போய்ப் பார்ப்பது என்பது வேறு கேள்வி.

அப்படி வெளியே வந்துவிட்டால் போக வேண்டிய இடம் இந்தியத் தூதரகம். தெரிந்தவர் ரூம் என்று எங்கேயும் தங்கக்கூடாது. பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் ஒருவழிப் பயணத்துக்குத் தூதரகம் 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' தரும். அங்கே இருப்பவர்கள் 'அவுட்பாஸ்' என்று சொல்வது இதைத்தான்.

என் கருத்து

களத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். 30 வயது விதி நல்ல எண்ணத்தில் போட்டது. ஆனால் கணவன் விட்டுப்போய் இரண்டு குழந்தையோடு கடனில் இருக்கும் 25 வயதுப் பெண்ணுக்கு அந்த விதி என்ன வழி காட்டுகிறது? உள்ளூரில் அந்தச் சம்பளத்துக்கு வேலை இல்லை. அரசு வாசலை மூடினால் அவள் வீட்டில் உட்காரப் போவதில்லை, ஏஜெண்ட் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகப் போகிறாள். முப்பது தாண்டியவருக்கும் பதிவு, ஒப்பந்தம், சென்னைக்கு அலைச்சல் என்று நாள் ஆகிறது. ஏஜெண்ட் "பதினைந்து நாளில் டிக்கெட்" என்கிறார். நம் சகோதரிகள் விவரம் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்று அதிகாரிகள் கூட்டத்தில் பேசும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பலர் விவரம் தெரிந்தே, வேறு வழியில்லாமல்தான் போகிறார்கள்.

இன்னொரு பக்கம், பதிவு இல்லாமல் ஆள் அனுப்புபவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. இரண்டாயிரம்! நம் குழுவில் ஒரு மாதச் சேமிப்பே அதைவிட அதிகம்.

இவ்வளவு குறை இருந்தும் அந்த நீண்ட அரசு வழியையே நான் சொல்வேன். காரணம், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் "இந்தப் பெண்ணை இந்த முதலாளியிடம் இந்தச் சம்பளத்துக்கு அனுப்பினோம்" என்று ஒரு அரசுப் பதிவு இருக்கும். தூதரகம் அந்த முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்க முடியும்.

ஏமாந்துவிட்டால்

ஸ்டேஷனுக்குப் போனால், "பணம் சென்னையில்தானே கொடுத்தீங்க, அங்கே போய்ப் புகார் கொடுங்க" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173ஆம் பிரிவில், குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். எப்போது என்று விடாமல் கேளுங்கள். மோசடிக்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அந்த 2,000 ரூபாய்ச் சட்டத்தோடு இதையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுப்பவர்கள் பெரும்பாலும் கண்ணீரோடு போகிறார்கள், காகிதம் இல்லாமல் போகிறார்கள். "என் மனைவி சவூதியில் கஷ்டப்படுகிறார், மீட்டுத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் அந்த மனு எங்கே போய்ச் சேரும்? பாஸ்போர்ட் நம்பர், விசா நகல், போன தேதி, கடைசியாகப் பேசிய போன் நம்பர், வீட்டுக்காரர் பெயர், ஏஜெண்ட் பெயர், பணம் கொடுத்த ரசீது அல்லது வங்கிப் பதிவு என இவ்வளவும் மனுவோடு இருந்தால் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் ஆணையரகம் வழியாகத் தூதரகத்துக்குப் போகும்போது வேலை நடக்கும். மத்திய அரசின் 'மதத்' இணையதளத்திலும் இதே விவரங்களை வைத்துப் புகார் பதியலாம். மனு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்காகத்தான் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக்கு என்று உள்கடன் கேட்கும் உறுப்பினரிடம் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களை வாங்கிக் குழுவின் பீரோவில் வையுங்கள். தீர்மானத்தில் ஏஜெண்டின் முழுப் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். விசா 'விசிட்' என்றால் ஊக்குநரும் பிரதிநிதிகளும் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிய பிறகே பணம் கொடுங்கள். விசாவே இன்னும் வரவில்லை என்றால் பணம் எதற்கு?

மத்திய அரசின் பிரவாசி பாரதிய உதவி மையத்துக்குக் கட்டணமில்லாமல் பேச 1800 11 3090. எமிரேட்ஸில் இருப்பவர்கள் அங்கிருந்தே 800 46342க்குப் பேசலாம். போகிறவர் செல்போனில் மட்டும் இவற்றைப் போட்டு வைக்க வேண்டாம், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஜாக்கெட் தையலுக்குள் வைக்கிற மாதிரி ஒரு சின்னத் துண்டுத் துணியில் எழுதியும் கொடுத்து அனுப்புங்கள்.