வலையில் எல்லோருக்கும் ஒரே வரிசை



இரவு ஒன்பது மணி ஆனால் போதும், நம் விடுதியில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். "கம்பெனிக்காரன் வேணும்னே ஸ்லோ பண்றான்" என்று யாராவது ஒருவர் சத்தம் போடுவார். அது உண்மையா? வேகத்தைக் குறைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? எதுவரை நியாயம், எங்கிருந்து அநியாயம்? மின்னணுத் தொடர்பியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கோபுரத்தின் கொள்ளளவு

செல்போன் கோபுரம் என்பது ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. காலை ஆறு மணிக்கு எல்லாக் குழாயையும் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரிதானே வரும்? அதே கதைதான் இங்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை உள்ள 4ஜி-யில், இரண்டு ஆன்டெனா முறையில், ஏட்டுக் கணக்குப்படி அதிகபட்சம் நொடிக்கு 150 மெகாபிட் கிடைக்கும். இது ஒருவருக்கு மட்டும் அல்ல. கோபுரத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து! ஐம்பது பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு 3 மெகாபிட். நடைமுறையில் அதற்கும் குறைவு. எனவே வேகம் குறைந்தாலே அது சதி என்று சொல்லிவிட முடியாது.

வரிசை போடும் வேலை

இந்தக் கொஞ்சத்தைப் பங்கு போடுவது யார்? கோபுரத்து நிலையத்தில் 'ஷெட்யூலர்' என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் யாருக்கு அலை என்று அது முடிவு செய்கிறது. யாருக்கு சிக்னல் நன்றாக இருக்கிறது, யாருக்கு இதுவரை குறைவாகக் கிடைத்தது என்று இரண்டையும் பார்த்துத்தான் பெரும்பாலும் பங்கு போடுகிறது.

அடுத்து, தகவலின் வகை. 4ஜி-யில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. 'வோல்ட்டி' குரல் அழைப்புக்கு 1. சாதாரண இணையத்துக்குப் பொதுவாக 9. குரல் 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலமாக வருகிறது. பொட்டலம் தாமதமானால் பேச்சு வெட்டிப் போகும். பிறகு வந்தும் பயனில்லை. ஆனால் ஒரு பாடப் புத்தகம் அரை நொடி தாமதமாக இறங்கினால் யாருக்கும் தெரியாது. மேலும் குரலுக்கு நொடிக்குச் சுமார் 24 கிலோபிட் இருந்தாலே போதும். ஆகவே 108 வண்டிக்கு வழி விடுவது போலக் குரலுக்கு வழி விடுவதில் தப்பு இல்லை.

அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைகிறதே, அது? வயிற்றெரிச்சல்தான்! ஆனால் எல்லாத் தளமும் ஒரே மாதிரி குறைவதால் அதைப் பாரபட்சம் என்று சொல்ல முடியாது.

அநியாயம் எங்கே ஆரம்பிக்கிறது?

'இது என்ன வகைத் தகவல்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இது யாருடைய தகவல்? அவர் நமக்குப் பணம் கட்டினாரா?' என்று கேட்கும்போதுதான் அநியாயம் ஆரம்பிக்கிறது. அப்படிக் கேட்கக் கூடாது என்பதே இணையச் சமநிலை. 'நெட் நியூட்ராலிட்டி' என்ற இந்தக் கருத்துக்கு 2003-இல் பெயர் கொடுத்தவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ.

நம் நாட்டில் 2014 டிசம்பரில் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. 2015-இல் ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' வந்தது. அதன்படி குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் இலவசம். அந்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்துக்குத் தகுந்தபடி கட்டணம் வாங்குவது தடை செய்யப்பட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம்.

"இலவசமாத் தந்தா வாங்கிக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். நான் கேட்பது இதுதான். என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். டிரான்சிஸ்டர் பயாஸிங்கில் சந்தேகம் வந்தால் கேட்க அண்ணன், அக்கா கிடையாது. அதை எனக்குத் தமிழில் புரிய வைத்தவர், ஒரு சின்னத் தளத்தில் பாடம் எழுதிப் போடும் முகம் தெரியாத ஓர் ஆசிரியர். இலவசப் பட்டியலில் இடம் பிடிக்க அவரிடம் ஆள் பலமும் இல்லை, பண பலமும் இல்லை. பட்டியல் முறை இருந்திருந்தால், பணம் உள்ள வீட்டுப் பையன் முழு இணையத்தையும் பார்த்திருப்பான்; என்னைப் போன்றவன் பட்டியலை மட்டுமே இணையம் என்று நம்பியிருப்பான்!

மூன்று சோதனைகள்

2018 ஜூலையில் மத்திய அரசு இணையச் சமநிலை விதிகளை ஏற்றது. தடுப்பது, வேகம் குறைப்பது, ஒரு சிலருக்கு மட்டும் வேகம் கூட்டுவது ஆகியவை கூடாது. நெரிசலைச் சமாளிக்க ஒழுங்குபடுத்தலாம். ஆனால் அது அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பெரிய வீடியோ நிறுவனங்கள் ஒன்றுகூடி, மொபைலில் படத்தின் தரத்தை 480பி-க்கு மேல் போகாமல் ஏப்ரல் 14 வரை குறைப்பதாக அறிவித்தன. தேவைக்கு அளவாக, நாள் குறித்து, ஊருக்குச் சொல்லிச் செய்தது. மூன்று சோதனையிலும் தேறுகிறது அல்லவா!

இதற்கு மாறானது 2007-இல் அமெரிக்காவில் நடந்தது. காம்காஸ்ட் நிறுவனம் 'பிட்டோரன்ட்' பரிமாற்றங்களை மட்டும் சத்தமில்லாமல் இடையில் துண்டித்தது. வெளிப்படை என்ற ஒரு சோதனையிலேயே தோல்வி!

இனி வரும் நாட்கள்

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். வோல்ட்டி நிறுவனத்தின் சொந்தச் சேவை. அது முன்னால் போகிறது. வாட்ஸ்அப் பேச்சோ பொது வரிசையில் நிற்கிறது. 'சிறப்புச் சேவை' என்று இதற்கு விதியில் விலக்கு உண்டு. 5ஜி-யில் ஒரே வலையைப் பல துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனி வேகம் தர முடியும். தொலை அறுவை சிகிச்சைக்கு ஒரு துண்டு என்றால் சரி. அந்த விலக்கு என்ற கதவு வழியாகப் பணக்காரச் செயலிகள் நுழைந்தால்?

விதி ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2015-இல் கொண்டு வந்தார்கள். 2017-இல் நீக்க முடிவு செய்தார்கள். 2024-இல் மீண்டும் கொண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை இதே கோபுரங்களில் ஏறி வேலை பார்க்கப் போகிறவர்கள். வரிசை போடுவது நம் தொழில். அந்த வரிசையில் காசு வாங்கிக்கொண்டு ஆள் நுழைக்காமல் பார்ப்பது நம் கடமை. கற்போம்! கேள்வி கேட்போம்!