மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனவர்

பல்லடம் தாலுகா 2009 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. மேல்படிப்பு என்றால் நம் பிள்ளைகள் அன்று கோவைக்குத்தான் பஸ் ஏறினார்கள். இன்றும் பலர் ஏறுகிறார்கள். அதே கோவையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலாசாலையில் படித்தவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர்.

1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலில் அந்த நாட்களைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர். பழகினால் சாதி கேட்பார்கள், வீடு எங்கே என்பார்கள். தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள். அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்காத வேகத்தில் வீட்டுக்கு நடப்பார். சேர்ந்து விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதையும் எழுதியிருக்கிறார்.

பாடம் அவருக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போனது, மணிக்கு முன்னும் பின்னும் உள்ள நேரம்.

மாணவர்கள் தங்களைத் தாங்களே நிர்வகிக்கப் பழகியது அந்த நேரத்தில்தான். 1815இல் கேம்பிரிட்ஜிலும் 1823இல் ஆக்ஸ்போர்டிலும் மாணவர்கள் விவாத மன்றம் தொடங்கினார்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பது, தீர்மானம் கொண்டுவருவது, எதிர்த்துப் பேசுவது, வாக்கெடுப்பு நடத்துவது எல்லாம் அங்கே பழகியவர்கள் பலர் பின்னாளில் நாடாளுமன்றத்திலும் அமைச்சரவையிலும் உட்கார்ந்தார்கள். நம் நாட்டில் கல்கத்தா இந்துக் கல்லூரியின் இளம் ஆசிரியர் டெரோசியோ 1828இல் மாணவர்களைச் சேர்த்து ஒரு விவாத சங்கம் நடத்தினார். மதம், மூடநம்பிக்கை, எல்லாம் அங்கே கேள்விக்கு உள்ளாயின. 1831இல் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஆனால் 1817இல் தொடங்கிய அந்தக் கல்லூரியே 'கௌரவமான' இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. பழைய வழக்கங்களை எதிர்த்து அனல் பறந்த அந்தச் சங்கத்தில் தீண்டாமையை உடம்பில் சுமந்தவனுக்கு நாற்காலி ஏது?

1856இல் தார்வாடில் ஒரு மகார் சிறுவனை அரசுப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அவன் அரசுக்கு மனு எழுதினான். அரசுக் கல்விக்கூடங்கள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்று 1858இல் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தால் விளையாட்டு மைதானம் திறந்துவிடவில்லை.

சீனிவாசன் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு 1890இல் சென்னைக்குப் போனார். கல்லூரி மன்றத்தில் பழகியிருக்க வேண்டிய வேலைகளை அங்கே தாமே தொடங்கினார். பறையர் மகாஜன சபை உருவானது. 1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கி அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். கோவையில் எந்தப் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்தாரோ, அதையே முதல் பக்கத்தில் அச்சடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது, நடத்தினால் ஆதிக்க சாதியாரே அதிகாரிகளாவார்கள் என்று தீர்மானம் போட்டு, 3,412 பேர் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1923இல் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லோருக்கும் உரியது என்ற தீர்மானத்தை 1924இல் அங்கே கொண்டுவந்தார்.

நாங்குநேரியில் 2023இல் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது என்றது. நம் பக்கத்திலோ, காலனி தெரிந்துவிடும் என்று ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம்.

கல்லூரித் தேர்தல்களுக்கு லிங்டோ குழுவின் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வருகை 75 சதவீதமாவது இருக்க வேண்டும். பனியன் கம்பெனியிலும் தறிக்குடோனிலும் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அந்த வருகைக் கணக்கு எட்டுவதே பெரும்பாடு. மன்றக் கூட்டத்தை மாலையில் வைக்காமல் மதிய இடைவேளையில் வைக்கச் சொல்லி மாணவர்கள் கேட்கலாம். ஷிப்டுக்கு ஓடுகிறவர்களும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் அப்போதுதான் உட்கார முடியும்.