157,79,17,500: ஒரு யுகத்தின் நாட்கள்

157,79,17,500. ஆரியபடர் கணக்கில் ஒரு மகாயுகத்துக்கு இத்தனை நாட்கள். கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயத்தில் இந்த எண் நேரடியாகத் தரப்படவில்லை. ஒரு யுகத்தில் பூமி 158,22,37,500 முறை தன்னைத்தானே சுழல்கிறது. சூரியன் ராசிச் சக்கரத்தை 43,20,000 முறை சுற்றுகிறது, அதாவது அத்தனை ஆண்டுகள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் நாட்கணக்கு வந்துவிடும். பூமி அசையாதது என்றே பொதுவாகக் கருதப்பட்ட காலத்தில், அதன் சுழற்சியை ஒரு கழித்தல் கணக்குக்குள் வைத்த துணிவு வியப்புக்குரியது.

இந்த நாட்களின் எண்ணிக்கைக்குப் பகாக் காரணிகள்: 2×2×3×5×5×5×5×61×3449. மொத்தம் 120 வகுஎண்கள். 43,20,000இலோ 2, 3, 5 மட்டுமே உண்டு. ஆகவே இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 7,500. அந்த எண்ணால் வகுத்தால் யுகம் சட்டென்று சுருங்கிவிடும்: 576 ஆண்டுகளுக்கு 2,10,389 நாட்கள். இதற்கு மேல் சுருக்க வழியில்லை. மிஞ்சிய 61, 3449 ஆகிய இரண்டும் 576ஐ வகுக்காது.

2,10,389ஐ 576ஆல் வகுத்தால் 365 நாள் போக 149 மிச்சம். 576இல் 149 பங்கு என்பது 15 நாழிகை, 31¼ விநாழிகை. அதாவது 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு இதுவே. கேரளக் கணிதர்களும் ஆரியபடரின் மரபில் வந்தவர்கள்தாம். திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி ஆரியபடீயத்துக்கு எழுதிய பாஷ்யத்தின் முதல் பகுதி 1930இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறியது.

ஆண்டில் 365 நாள் போக மிஞ்சும் அந்தச் சுமார் ஆறேகால் மணியால், சூரியன் மேட ராசியில் நுழையும் மேட சங்கராந்தி ஆண்டுதோறும் பொழுது தள்ளிப் போகிறது. தமிழ் வியாபாரிகளும் மலையாளிகளும் தோளோடு தோள் உரசும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இதன் விளைவைக் காணலாம். சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி வந்தால் தமிழ் வழக்கில் அன்றே மாதப் பிறப்பு. மலையாள வழக்கில் பகலை ஐந்து கூறாக்கி, மூன்றாம் கூறு முடிவதற்குள், அதாவது பிற்பகல் சுமார் ஒன்றேகால் மணிக்குள், வந்தால்தான் அன்று, தாண்டினால் மறுநாள். 2023இல் சங்கராந்தி ஏப்ரல் 14 பிற்பகலில் வந்தது. தமிழருக்குச் சித்திரை முதல் நாள் 14ஆம் தேதி, மலையாளிகளுக்கு மேடம் முதல் நாள் 15ஆம் தேதி.

கிழமைக் கணக்கு இன்னும் சுவையானது. சங்கராந்தி நாளின் அதே பொழுதுக்குத் திரும்ப 576 ஆண்டுகள் ஆகும். ஆனால் 2,10,389ஐ ஏழால் வகுத்தால் 4 மிஞ்சும். கிழமை நான்கு தள்ளிவிடும். பொழுதும் கிழமையும் சேர்ந்தே திரும்ப வேண்டுமென்றால் 576ஐ ஏழால் பெருக்கிய 4,032 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இன்றைய அளவீட்டின்படி நட்சத்திர ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. ஆரியபடரின் ஆண்டு அதைவிட 3 நிமிடம் 20 விநாடி கூடுதல். தொலைநோக்கி இல்லாத காலத்துக் கணக்கு இது. ஒரு நாள் பிசகுவதற்குச் சுமார் 430 ஆண்டுகள் பிடிக்கும்.